ஓரம் கறுத்த ஈத் கார்டு

எதிரிக்கு வாழ்த்துக் கார்டு செய்வதற்குத் தனிப் பொறுமை வேண்டும். அது எனக்கு இருந்தது. ரம்ஜானுக்கு ஒன்று, பக்ரீதுக்கு ஒன்று என்று, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் ஓரகத்தி அன்வரி பேகத்தின் வீட்டுக்கு என் கையால் கார்டு செய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் நாசமாய்ப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பசை தடவினேன். பசை நன்றாகத்தான் ஒட்டியது.

என் பெயர் அக்தரி பேகம். ஆம்பூரில் டேனரி வைத்துத் தோல் பதனிடும் ஹயாத் பாஷாவின் மனைவி. அன்வரி, என் வீட்டுக்காரரின் அண்ணன் அஹமது பாஷாவுக்கு மனைவி. ஒரு காலத்தில் எங்களுக்கு ஒரே டேனரி, ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒரு தடவை ஆட்டுத்தோல் முழுவதும் சுண்ணாம்புத் தொட்டியில் அதிகம் ஊறிக் கூழாகிப் போனது. தம்பி கவனிக்கவில்லை என்று அண்ணன் சொன்னார். அண்ணன்தான் எடுக்க வேண்டாம் என்றார் என்று தம்பி சொன்னார். அந்தத் தோலின் நாற்றம் ஒரு வாரத்தில் போய்விட்டது, அவர்கள் பேசிய பேச்சின் நாற்றம் போகவில்லை. டேனரியைப் பிரித்தார்கள். முற்றத்தின் நடுவில் சுவர் எழுப்பினார்கள். சுவரில் ஒரு கதவு வைத்தார்கள், அதன் தாழ்ப்பாள் அவர்கள் பக்கம் இருந்தது.

கூடப்பிறந்தவர்கள் மூன்று நாளைக்கு மேல் பேசாமல் இருப்பது பாவம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு சலாம் சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். இருவருக்கும் அந்த ஒரு வார்த்தை தொண்டையிலிருந்து வரவில்லை.

"எழுதி அனுப்பிச்சாலும் சலாம் சலாம்தானே ஹஜ்ரத்" என்று அஹமது பாஷா கேட்டாராம். ஹஜ்ரத்தும் பேஜாராகி, எப்படியோ ஒழியட்டும் என்று ஒப்புக்கொண்டாராம். அப்படி வந்ததுதான் எங்கள் வீட்டு ஈத் கார்டு. கடையில் மதராஸ் அச்சுக் கார்டுகள், பிறையும் மினாரும் போட்டுக் கிடைக்கத்தான் செய்தன. அது வேண்டாம் என்று அஹமது பாஷா சொல்லியனுப்பினார். கடையில் வாங்கினால் அது அச்சாபீஸ்காரன் சலாம், வீட்டுக் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்றார். வீட்டுக் கை என்றால் எந்தக் கை? சண்டை போட்டது அவர்கள், உட்கார்ந்து காகிதம் வெட்டுவது நாங்கள்.

வந்த கார்டை அஹமது பாஷா ஒரு கண்ணாடிச் சட்டத்தில் வைத்து, வாசல் கூடத்தில் மாட்டுவார். அடுத்த ஈத் வரும்வரை அது அங்கேயே தொங்கும். தோல் வாங்க வருகிற சேட்டும் தரகனும் அதைப் பார்த்து, தம்பியோடு சலாம் இருக்கிறது, மனுஷர் நல்லவர் என்று நினைக்க வேண்டும். நினைத்தார்கள்.

இவர்கள் சலாம் எக்கேடு கெட்டால் எனக்கென்ன. எனக்கு வேண்டியது கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் என் பெண் இருந்தாள்.

அன்வரிக்குப் பிறந்தவை எல்லாம் பிறந்த அன்றே போய்விட்டன. எனக்கு இரண்டாவது பெண் பிறந்தபோது என் மாமியார் அவளை என் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய் அன்வரியின் மடியில் போட்டார். ஒரே வீடு, ஒரே முற்றம், எந்த மடியில் இருந்தால் என்ன என்றார். பச்சை உடம்புக்காரி நான், எழுந்து உட்காரவே இன்னொருத்தர் கை வேண்டும், என்ன பேசுவேன்? அன்வரிதான் கைருன்னிசா என்று பெயர் வைத்தாள். மாமியார் மவுத்தாகி, சுவரும் எழுந்தபோது, கைரு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். அவளுக்கு அன்வரி அம்மிஜான். நான் சாச்சி, சித்தப்பா பெண்டாட்டி. உண்மை ஊருக்கே தெரியும், கைருவுக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

ஈதுக்கு முந்தின சாயங்காலம் என் கார்டு அங்கே போகும், அவர்கள் கார்டு இங்கே வரும். மறுநாள் ஆம்பிளைகள் ஈத்கா தொழுகை முடித்து வந்ததும் அந்தக் கதவின் தாழ்ப்பாள் திறக்கும். கைரு ஒரு கிண்ணம் ஷீர் குர்மா, எங்கள் ஈத் சேமியாப் பாயசம், எடுத்துக்கொண்டு வருவாள், பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்வரைக்கும் என்னோடு இருப்பாள். வருஷத்துக்கு எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு பகல்தான். கோஷாப் பெண்கள் நாங்கள், தெருவைச் சுற்றி வாசல் வழியாகப் போய் வருவதற்கு இல்லை. கார்டு வராத வருஷம் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவேன் என்று அஹமது பாஷா முதலிலேயே சொல்லியிருந்தார். அதனால்தான் வயிறு எரிய எரியக் கார்டு செய்தேன்.

செய்கிற விதத்தைச் சொல்கிறேன், அது தெரியாவிட்டால் நடந்தது புரியாது. படம் வரைகிற கனத்த காகிதம் மதராஸிலிருந்து வரும். அது வெள்ளை வெளேர் என்று இருக்கும், பார்க்கவே எனக்குப் பிடிக்காது. கடுக்காயை நசுக்கி ஒரு ராத்திரி ஊறப்போட்டு, மல்லுத்துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் காகிதத்தை முக்கி நிழலில் உலர்த்துவேன். இரண்டு தடவை முக்கினால் பாலாடை நிறம் வரும். காய்ந்ததும் சோழியால் தேய்த்தால் வழவழவென்று ஆகிவிடும். மடிப்பை நகத்தால் போட்டால் காகிதம் வெடிக்கும். ஆட்டு விலா எலும்பு ஒன்றைத் தேய்த்து வைத்திருக்கிறேன், அதை அழுத்தி இழுத்தால் மடிப்பு நேராக விழும். பிறகு கார்டைக் கம்பளி மேல் கவிழ்த்து, பின்பக்கமிருந்து கருவேல முள்ளால் குத்திக் குத்தி ஒரு கொடி போடுவேன். முன்பக்கத்தில் கொடி புடைத்துக்கொண்டு நிற்கும், கண் தெரியாதவள்கூட விரலால் தடவிப் படிக்கலாம். நடுவில் பிறையை வெட்டி எடுத்து, பின்னால் ஜிகினாத் தாளை மைதாப் பசையில் ஒட்டுவேன். பசையில் வசம்புத் தூள் கலந்தால் கரப்பான் அண்டாது. பொன் பொடியைப் பிசினில் குழைத்து ஈத் முபாரக் எழுதுவேன். கொடிக்கு வெளியே இரண்டு விரல் அகலம் ஓரம் விட்டு நறுக்கினால் கார்டு முடிந்தது.

அந்த நறுக்குவதில்தான் எனக்கும் அன்வரிக்கும் ஆகாது. கடுக்காய் ஏறிய எதையும் இரும்பு தொடக் கூடாது. கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், தொட்ட இடம் மை போலக் கறுத்துவிடும், எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது. எங்கள் டேனரிகளில் கடுக்காய்த் தொட்டிப் பக்கம் இரும்பு வாளி வராது, ஆணி வராது. ஓர் ஆள் இடுப்புச் சாவியைத் தொட்டியில் தவற விட்டான் என்று அஹமது பாஷா அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். இந்த ஊர்ப் பக்கத்தில் தோல்காரர் வீட்டுக் குழந்தைக்குக்கூட இது தெரியும். அதனால் என் வாப்பா என் நிக்காஹ்வுக்கு ஒரு பித்தளைக் கத்தி அடித்துக் கொடுத்தார், கைப்பிடி எருமைக் கொம்பு. பாகம் பிரித்த அன்று அது அடுக்களையில் அவள் பக்கம் மாட்டிக்கொண்டது. கேட்டனுப்பினேன். எங்கள் பக்கம் இருந்தது எங்களுடையது என்று பதில் வந்தது. என் வாப்பா கொடுத்த கத்தி அவளுடையதாம். அதற்கப்புறம் நான் ஜன்னல் கண்ணாடிச் சில்லு ஒன்றை வைத்து, தோல் துண்டின் மேல் காகிதத்தைப் போட்டு நறுக்க ஆரம்பித்தேன். விரல் எத்தனையோ தடவை கிழிந்தது, ஓரம் ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை.

அவள் செய்கிற கார்டு என் கத்தியால் நறுக்கியது. இருந்தும் லட்சணம் இருக்காது. கண்ணாடிச் சில்லு, ஜரிகை, குஞ்சம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஒட்டி, கல்யாணக் குதிரைக்குச் சோடித்த மாதிரி அனுப்புவாள். பிரித்தால் பாதி கொட்டிவிடும். நான் அதைக் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தை என் வீட்டுக்காரரிடம் கொடுப்பேன்.

அந்த வருஷம் ரம்ஜான் மார்கழிப் பனியில் வந்தது. விடிந்து வெகுநேரம் ஆனபிறகும் சுவரெல்லாம் வேர்த்துக்கிடக்கும், உப்பு ஜாடியில் உப்பு கரைந்துகிடக்கும். காகிதம் காயவே இல்லை. அடுப்படியில் கயிறு கட்டி உலர்த்தி உலர்த்தி எடுத்தேன். பிறை தெரிந்த அன்று கார்டை மல்லுத்துணியில் சுற்றிப் பூவம்மாளிடம் கொடுத்தேன். பூவம்மாள் இரண்டு வீட்டுக்கும் பாத்திரம் தேய்ப்பவள், சுவருக்கு இரண்டு பக்கமும் போகிற ஒரே மனுஷி. கார்டு பாலாடை நிறத்தில், ஒரு புள்ளி இல்லாமல் போனது. அதை என் கண்ணால் பார்த்துத்தான் துணியைச் சுற்றினேன்.

மறுநாள் விடிந்ததும் பூவம்மாள் அதே துணியோடு திரும்பி வந்தாள். உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள்.

"பீபிம்மா, பெரியவர் இத்த திருப்பிக் குடுக்கச் சொல்ட்டாரு. நான் ஒண்ணும் கேக்கலமா. கொண்டாந்தேன், அவ்ளோதான்."

பிரித்துப் பார்த்தேன். என் கார்டுதான். கொடியும் பிறையும் பொன் எழுத்தும் அப்படியே இருந்தன. நாலு ஓரமும் கறுத்திருந்தன. சீராக, பட்டை பிடித்த மாதிரி, அளவெடுத்துப் போட்ட கறுப்பு.

அந்தக் கறுப்புக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் வாங்குகிற வெள்ளைக்காரக் கம்பெனியில் யாராவது செத்தால் மதராஸிலிருந்து கறுப்பு ஓரம் போட்ட கடுதாசி வரும். அதைப் பார்த்து ஊர்க்காரர்களும் சாவுச் செய்திக்கு அப்படியே எழுதப் பழகிவிட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு, நான் ஈத் அன்று என் வீட்டுக்காரரின் அண்ணனுக்குச் சாவுக் கடுதாசி அனுப்பியிருக்கிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அஹமது பாஷா தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"இத்தனி வருசம் கடுக்கா வாசனைல சோறு தின்னவ. இரும்பு பட்டா கறுக்கும்னு அவளுக்குத் தெரியாதா? வேற ஊரு பொண்ணு பண்ணியிருந்தா தெரியாம பண்ணாள்னு வுட்ருவேன். தோல்காரன் மவ, தோல்காரன் பொண்டாட்டி. நாலு ஓரமும் பாத்துப் பாத்து கறுத்து அனுப்பிச்சிருக்கா. பூவம்மா, கொத்தனாரைக் கூட்டியா. நான் தொழுதுட்டு வர்றதுக்குள்ள கல்லு வந்து சேரணும்."

என்னைக் கொன்றது அதுதான். தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. கடுக்காய் தெரியாத ஊரில் பிறந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் குளித்து, அத்தர் பூசி, தொழுகைக்குக் கிளம்பி நின்றார். கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அக்தரி, நெசத்த சொல்லு. வேணும்னு பண்ணியா?"

"நீங்களுமா?"

"இல்ல, கேக்கறேன். உனக்குத்தான் அவங்க மேல ஆத்திரம் இருக்கே."

"ஆத்திரம் இருக்கு. மலையத்தனை இருக்கு. அதுக்காக என் கையால கதவை அடைச்சுப்பேனா? அந்தப் பக்கம் இருக்கறது இன்னா, ஆட்டுக்குட்டியா?"

தொப்பியைச் சரி செய்துகொண்டு போய்விட்டார். இருபது வருஷம் என் கையால் தின்ற மனுஷர், என்னை நம்புவதா வேண்டாமா என்று தொழுதுவிட்டு வந்து முடிவு செய்வாராம்.

நான் கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, கோபம் வந்தால் எனக்குக் கண் நன்றாகத் தெரியும். கொடிக்கு வெளியே விரலை வைத்துப் பார்த்தேன். நான் இரண்டு விரல் ஓரம் விட்டிருந்தேன். ஒரு விரல்தான் இருந்தது. நாலு பக்கமும் அப்படியே. என் கார்டை யாரோ மறுபடி நறுக்கியிருக்கிறார்கள், இரும்பால், ஈரத்தோடு.

யாரோ என்ன யாரோ? அன்வரிதான். கதவு அடைபட்டால் லாபம் யாருக்கு? கைரு முழுசாக அவளுக்கு. வருஷத்துக்கு இரண்டு பகல் எனக்கு விட்டுக்கொடுப்பதுகூட அவளுக்குப் பொறுக்கவில்லை. அல்லா மேல் ஆணையாக, அந்த நிமிஷம் சுவர் மட்டும் இல்லையென்றால் அவள் மயிரைப் பிடித்து முற்றம் முழுக்க இழுத்திருப்பேன்.

ஆம்பிளைகள் ஈத்காவிலிருந்து திரும்பினார்கள். அந்தப் பக்கம் செங்கல் இறக்குகிற சத்தம், மண்வெட்டியால் சுண்ணாம்பு குழைக்கிற சத்தம். கொத்தனார் காசிநாதன், "மொதலாளி, கதவைக் கழட்டிட்டுக் கட்டறதா, கதவு மேலயே கட்டறதா" என்று கேட்டான். "அப்படியே கட்டு" என்றார் அஹமது பாஷா.

நான் எழுந்து போய்க் கதவை ஓங்கித் தட்டினேன். மூத்தவர் முன்னால் என் குரல் அதுவரை கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து "வேணாம், உள்ள போ" என்றார். நான் போகவில்லை.

"பாபி, கதவுகிட்ட வாங்க. உங்ககிட்டத்தான் பேசணும்."

பிறகு தாழ்ப்பாள் நகர்ந்து, கதவு ஒரு கை நுழைகிற அளவு திறந்தது. அன்வரியின் துப்பட்டா தெரிந்தது, பாதி முகம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் காசிநாதன் கொத்துக் கரண்டியோடு திரும்பி நின்றிருந்தான். அஹமது பாஷா என் கண்ணில் படாமல் சுவரோரம் ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா அக்தரி?" என்றாள் அன்வரி.

"கொடிக்கு வெளிய நான் ரெண்டு விரல் ஓரம் வுட்டேன் பாபி. உங்க வூட்டுக்கு வந்து ஒரு விரலாப் போச்சு. மிச்சத்த யாரு தின்னாங்க? என் வாப்பா கத்தியப் புடுங்கி வெச்சிக்கினீங்க, நான் கண்ணாடில கையக் கிழிச்சிக்கினு நறுக்கறேன். என் வூட்டுல காகிதத்து மேல இரும்பு படறதில்ல. உங்க வூட்டு இரும்பு யாரு கைல இருந்துச்சுன்னு சொல்லுங்க. இங்க எல்லாரும் நிக்கறாங்க, சொல்லுங்க."

"பேசி முடிச்சியா?"

"முடிக்கல. இந்தக் கார்டைப் பாருங்க" என்று அவள் மூஞ்சிக்கு நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினேன். திருப்பும்போது நானும் பார்த்தேன்.

பின்பக்கம், கீழ் மூலையில், ஒரு கட்டைவிரல் ரேகை. செம்மஞ்சள் நிறம், மருதாணி. பிறை தெரிந்த சாயங்காலம் அரைத்து வைக்கிற மருதாணி, எலுமிச்சம் பழமும் சர்க்கரையும் விட்டுக் குழைப்போமே, அது. என் சுண்டுவிரல் அகலம்தான் இருந்தது. அந்த விரலை நான் அறிவேன். பிறந்த அன்று என் விரலைச் சுற்றிப் பிடித்த விரல் அது.

எனக்கு எல்லாம் புரிந்துபோனது. எலுமிச்சம்பழச் சாறு சொட்டுகிற கையோடு, யாரும் பார்ப்பதற்குள் என்கிற அவசரத்தில், இரும்பு என்று நினைக்காமல் கத்தரியை எடுத்திருக்கிறாள். ஒரு ஓரத்தை நறுக்கியிருக்கிறாள். கோணலாகத் தெரிந்திருக்கும், யாருக்கும் தெரியக் கூடாது என்று மற்ற மூன்றையும் அளவாக நறுக்கியிருக்கிறாள். நறுக்கியபோது கறுப்பே இருந்திருக்காது. அது ராத்திரி பூராவும் பனியில் மெல்ல ஏறியிருக்கிறது.

நான் பேச்சை நிறுத்தினேன். அன்வரி கார்டில் இருந்த ரேகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு முன்பே தெரியும். விடிகாலையிலேயே தெரிந்திருக்கிறது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு கொத்தனார் வருகிறவரை காத்திருக்கிறாள். அது அவள் கண்ணில் எழுதி ஒட்டியிருந்தது.

"ஏன் வாயடைச்சுப் போச்சு?" என்றார் அஹமது பாஷா சுவர் மறைவிலிருந்து. "யாரு நறுக்கனான்னு பேரச் சொல்லச் சொல்லு. இன்னிக்கு யாரா இருந்தாலும் முதுகுத் தோல உரிச்சுட்டுத்தான் மறுவேல."

அவர் சொன்னால் செய்கிற ஆள். ஒரு தட்டை உடைத்ததற்காகக் கைருவைத் தோல் வாரால் அடித்தவர், அந்த அடிச் சத்தத்தை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எண்ணியிருக்கிறேன். பெயரைச் சொன்னால் கதவு தப்பிக்கும், குழந்தை தப்பிக்காது. சொல்லாவிட்டால் குழந்தை தப்பிப்பாள், நான் அவளைப் பார்க்க மாட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"யாரும் இல்ல" என்றேன். "என் வூட்டு இரும்புதான். நான்தான் வேணும்னு..."

"பொய் சொல்றா" என்றாள் அன்வரி.

சத்தமாகச் சொன்னாள், திரும்பி நின்று தன் புருஷனுக்கும் கொத்தனாருக்கும் கேட்கிற மாதிரி.

"நான்தான் நறுக்கனேன். சட்டத்துல அடங்கல. இவ எப்பவும் அகலமாத்தான் பண்ணி அனுப்புவா, பெருமைக்காரி. பித்தளைக் கத்தி மொட்டையாக் கெடந்துச்சு, துணி வெட்ற கத்தரிய எடுத்து வெட்டனேன். எலுமிச்சம்பழம் புழிஞ்ச கை. மறந்துட்டேன்."

"நீயா?" என்றார் அஹமது பாஷா. "காலைல நான் கத்தினப்ப நீ பக்கத்துலதானே நின்னே?"

"நின்னேன்."

"அப்ப சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லத் தோணல. இப்ப சொல்ட்டேன்."

காசிநாதன் கரண்டியைக் கீழே வைத்தான். பூவம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்பிள்ளை அத்தனை வருஷத்தில் ஒரு தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்பு மேல் பழி போடுவாள். கூலி ஆட்கள் முன்னால், கொழுந்தன் காதில் விழ, எனக்கு நேராக நின்று, நான்தான் என்றாள்.

"அறிவு கெட்டவ" என்று மட்டும் சொன்னார் அஹமது பாஷா. என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாரா? அவரா சொல்வார்? "போய்யா காசிநாதா. கல்லு இங்கியே கெடக்கட்டும், பக்ரீதுக்கு இன்னா வருதோ பாத்துக்கலாம்" என்று வாசல் பக்கம் போய்விட்டார்.

அன்வரி கதவுச் சந்தில் அப்படியே நின்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நன்றி என்றா? அவள் அப்படிச் சொன்னது என் மேல் இரக்கப்பட்டு அல்ல என்று எனக்குத் தெரியும். கதவு அடைபட்டுப் போவதை அவள் விடிகாலையிலிருந்து சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தைக்காக நான் பழியை எடுத்துக்கொள்ள வாய் திறந்தேன் பாருங்கள், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதிலும் நான் ஜெயித்துவிடக் கூடாது. நானும் அவள் இடத்தில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

"இப்ப அனுப்பறேன்" என்றாள். கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் போடவில்லை.

கைரு கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். புதுப் பாவாடை, பச்சைக் கண்ணாடி வளையல்கள், உள்ளங்கையில் நல்ல சிவப்பாகப் பிடித்த மருதாணி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கன்னங்கரேல் என்று இருந்தன. தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. அது போகாது, எங்கள் வீட்டு ஆம்பிளைகளுக்கே நகக்கண்ணில் அப்படித்தான் இருக்கும்.

கிண்ணத்தை வாங்கி வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையைப் பிடித்து வளையல்களை மேலே தள்ளினேன். மணிக்கட்டில், வளையல்களுக்கு அடியில், பாலாடை நிறத்தில் ஒரு காகித நாடா சுற்றியிருந்தது. ஒரு ஓரம் நான் கண்ணாடியால் நறுக்கியது, சுத்தமாக இருந்தது. இன்னொரு ஓரம் கறுப்பு.

"மீதி மூணு எங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பாவாடை மடிப்புல. இன்னொண்ணு தலகாணி உறைல."

"எதுக்குடி?"

"கார்டை வாப்பா சட்டத்துல போட்டுடுவாரு. கண்ணாடி மேலதான் தொட முடியும்" என்றாள். அப்புறம் மெல்ல, "கடுக்கா வாசனை வருது. சாச்சி மேல வர்ற வாசனை" என்றாள்.

என்னால் முடியவில்லை. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். பத்து வயசுப் பெண், கால் தரையில் இழுபட்டது, அவளும் எழுந்திருக்கவில்லை. ஷீர் குர்மா ஆறி ஆடை கட்டியது. நாங்கள் அதை எப்போது சாப்பிட்டோம் என்றே நினைவில்லை.

மக்ரிப் பாங்கு சொன்னதும் துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டுக் கதவுவரை கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நின்று அவள் ஏதோ ஞாபகம் வந்தவள் போலத் திரும்பினாள்.

"சாச்சி, அம்மிஜான் ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. மறந்துட்டேன்."

"இன்னாவாம்?"

"பக்ரீது கார்டுல ஓரம் ஒரு விரல் ஜாஸ்தியா வுடணுமாம்."

அவள் வளையல்களைக் கீழே இழுத்து நாடாவை மறைத்தேன். பிறகு, "என் கத்திய எப்ப குடுப்பாங்களாம், அதக் கேட்டியா?" என்றேன்.

"அது குடுக்க மாட்டாங்களாம். நீங்க கேப்பீங்கன்னு அம்மிஜான் சொன்னாங்க. அது எனக்குன்னு வெச்சிருக்காங்களாம். இனிமே அதுலதான் நான் நறுக்கணுமாம், கறுக்காதாம்."

கதவு மூடிக்கொண்டது. இந்தத் தடவை தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அன்வரி பேகம் நாசமாய்ப் போக வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என் வாப்பாவின் கத்தியை அவள் திருப்பித் தரவில்லை, என் பெண்ணையும் தரவில்லை. பக்ரீதுக்கு உட்கார்ந்து கடுக்காய் நசுக்கினேன், காகிதம் முக்கினேன், முள்ளால் கொடி போட்டேன். அவள் ஒரு விரல் கேட்டிருந்தாள். நான் இரண்டு விரல் ஜாஸ்தியாக விட்டேன்.